இரண்டரைக் கிலோ

அனுப்பர்பாளையத்தில் வளர்ந்தவர்கள் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார்கள். திருப்பூர் என்றதும் பனியன், ஜட்டி என்று நினைப்பவர்களுக்கு இதன் காரணம் புரியாது. அவிநாசி ரோட்டில் இருக்கிற எங்கள் ஊருக்குத் தொழில் பாத்திரம். செம்பு, பித்தளை, அப்புறம் எவர்சில்வர். வீட்டோடு வீடாகப் பட்டறைகள். காலையில் தட்ட ஆரம்பித்தால் மத்தியானச் சோற்றுக்குத்தான் ஓயும். பக்கத்தில் திருமுருகன்பூண்டியில் சிற்பிகள் கல்லை உளியால் கொத்துவார்கள். அங்கே கல் சத்தம், இங்கே உலோகச் சத்தம். பள்ளிக்கூடத்தில் டீச்சர், "ஏன் கத்தற, மெதுவாப் பேசு" என்று சொன்னபோதுதான் நான் கத்துகிறேன் என்பதே எனக்குத் தெரிந்தது.

அப்பா நாற்பத்திரண்டு வருடம் குடம் அடித்தார். அவருக்கு இப்போது இடது காது சுத்தமாகக் கேட்பதில்லை, வலது காது ஏதோ கொஞ்சம். காது மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறோம். அது அவருடைய பழைய வெற்றிலைப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. "அத வெச்சா எல்லாஞ் சத்தமாக் கேக்குது சாமி" என்பார்.

நான் பாத்திரத்துக்குப் போகவில்லை. எங்கள் தலைமுறையில் பெரும்பாலும் யாரும் போகவில்லை. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்சண்டைசர். பையர் அனுப்புகிற கலரும் நம் துணியின் கலரும் ஒன்றுதானா என்று லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்ப்பது, லேப் டிப் அப்ரூவல் வாங்குவது, ஷிப்மென்ட் தேதிக்காகத் தூக்கம் கெடுவது. இதில் மிஞ்சுகிற காசில் வருடம் ஒருமுறை எங்காவது போவேன். மூணாறு, ஹம்பி, மேகாலயா என்று ஆரம்பித்து 2018 ஜூலையில் லடாக்.

லே நகரத்தில் இருந்து ஒரு நாள் முழுக்க வண்டியில் போனால் சோ மொரீரி ஏரி வரும். கடல் மட்டத்தில் இருந்து 4,500 மீட்டருக்கு மேல். கடைசி வளைவில் டிரைவர் ஒன்றும் சொல்லாமல் வண்டியை நிறுத்தினார். கீழே ஏரி. அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? எனக்கு முதலில் தோன்றியது ஒரு பேன்டோன் நம்பர். சத்தியமாக. மூன்று மாதம் முன்னால் ஒரு ஜெர்மன் பையர் நான்கு தடவை ரிஜெக்ட் பண்ணிய நீலம் அது. "இதை டையிங்ல கொண்டு வர முடியாது" என்று மனசுக்குள் ஒருத்தி சொன்னாள். எனக்கே அசிங்கமாக இருந்தது.

வண்டியை விட்டு இறங்கி நான்கு எட்டு நடந்ததும் மூச்சு வாங்கியது. அங்கே காற்றில் ஆக்சிஜன் கம்மி, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாது. ஒரு பாறையில் உட்கார்ந்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் அந்த நம்பர் கழன்று விழுந்தது. அதற்குப் பிறகு வந்ததை எப்படிச் சொல்ல? எனக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பேச்சு நின்றுவிட்டது. காதில் ஒரு சத்தமும் இல்லை. பட்டறைத் தெருவில் பிறந்தவளுக்கு அப்படி ஒரு மௌனம் பயமாகத்தான் இருந்தது. எழுந்து ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஓடவும் மூச்சு இல்லை.

கரையோரம் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, பின்னந்தலையில் இரண்டு கறுப்புப் பட்டை. குஞ்சுகள் பின்னாலேயே ஓடின. "குளிர்காலத்தில் இவை இங்கே இருக்காது, கீழே தெற்கே போய்விடும்" என்றார் டிரைவர். சரி, டெல்லிப் பக்கம் போகுமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். லடாக்கில் இருப்பவர்களுக்கு எல்லாமே தெற்குதானே.

ஊருக்கு வந்ததும் அப்பாவிடம் வீடியோவைக் காட்டினேன். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போனை வாங்கி, கண்ணுக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தண்ணி சுத்தமா இருக்குது. மீனு இருக்குமா?"

"தெரியலீங்கப்பா."

"அத்தன தூரம் போயி அதக் கேக்காம வந்துட்டியா?"

விளையாட்டாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் என்னமோ ஒரு பெரிய பொருளைக் கையில் ஏந்தி வந்த மாதிரியும் அவர் அதைத் தட்டிப் பார்த்து எடை கேட்ட மாதிரியும் இருந்தது. திரும்பி நடந்துகொண்டே, "உங்களுக்கு இதெல்லாம் எங்கீங்கப்பா புரியப்போகுது. இந்தத் தகரத்துக்கு அடியிலயே இருங்க" என்றேன்.

முதுகு காட்டிக்கொண்டு சொன்னதால் அவருக்குக் கேட்டிருக்காது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். உதட்டைப் பார்த்தால்தான் அவருக்குப் பாதி புரியும். இருந்தாலும் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

இந்த உணர்வுக்கு என்ன பெயர் என்று அப்புறம் தேடிப் படித்தேன். வியப்பு என்றால் போதவில்லை. பிரமிப்பு என்ற சொல்லை சினிமா விளம்பரக்காரர்கள் தேய்த்துவிட்டார்கள். டேச்சர் கெல்ட்னர், ஜோனதன் ஹைட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார்கள். நம்மைவிட மிகப் பெரிதாக ஒன்று எதிரே நிற்க வேண்டும், அதை வைத்துக்கொள்ள நம் மனதில் ஏற்கெனவே உள்ள அலமாரிகள் போதாமல் போக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்த உணர்வு என்பது அவர்கள் கட்சி. எனக்குப் பிடித்திருந்தது. மனதின் அலமாரி இல்லாத இடத்தில்தான் பேன்டோன் நம்பர் வந்து நின்றது போலிருக்கிறது.

ஆனால் தொல்காப்பியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. மெய்ப்பாட்டியலில் சொல்லப்படும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று மருட்கை. அது நான்கு வழியில் பிறக்கும் என்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். புதுமையும் பெருமையும் சரி. அது லடாக். சிறுமை? சின்னதைப் பார்த்தும் மனிதன் மருளுவான் என்று அந்தக் காலத்திலேயே ஒருவர் யோசித்திருக்கிறார். ஆக்கம் என்றால் ஒன்று இன்னொன்றாக மாறுவதைக் கண்டு திகைப்பது என்பதாக உரை சொல்கிறது. இதைப் படித்த அன்று பட்டறைதான் ஞாபகம் வந்தது. தட்டையான பித்தளைத் தகடு குடமாவதை நான் ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். தட்டத் தட்டத் தகடு இறுகிவிடும். அதற்கு மேல் அடித்தால் விரிசல் விடும். நெருப்பில் காட்டி, நிறம் பார்த்து எடுத்து, மறுபடி தட்ட வேண்டும். எந்த நிறத்தில் எடுப்பது என்று அப்பாவிடம் கேட்டால், "பாத்தாத் தெரியும்" என்பார். அவரிடமும் ஒரு நம்பர் கிடையாது.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. வளைய சூரிய கிரகணம். அதன் பாதை கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல் என்று நேராக எங்கள் தலைமேல் போயிற்று. ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து உலகத்தின் அதிசயங்களைப் பார்க்கப் போகிறவள் நான். அன்று ஒரு அதிசயம் விலாசம் விசாரித்துக்கொண்டு அவிநாசி ரோட்டுக்கே வந்தது.

அம்மா வழக்கம்போல. தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை போட்டாயிற்று, அடுப்பை அணைத்தாயிற்று, பக்கத்து வீட்டில் மாசமாக இருந்த அக்காவைக் கதவைச் சாத்தி உள்ளே வைத்தாயிற்று. பட்டறைகளும் பெரும்பாலும் திறக்கவில்லை. அப்பா மட்டும் காலையிலேயே போய்விட்டார். பொங்கலுக்கு மூன்று வாரம்கூட இல்லை, ஆர்டர் நிற்கிறது. "சூரியனப் புடிச்சா புடிக்கட்டும், சேட்டு நம்மளப் புடிப்பான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

நான் கிரகணக் கண்ணாடி இரண்டு வாங்கி வைத்திருந்தேன். எட்டே காலுக்கு மொட்டை மாடியில் இருந்து பார்த்தபோது சூரியனின் ஓரத்தில் எலி கடித்த மாதிரி ஒரு சின்னக் குழி. ஒன்பது மணிக்குப் பாதிக்கு மேல் போய்விட்டது. அப்பாவுக்கு ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டு வரலாம் என்று பட்டறைக்கு நடந்தேன். வெயில் ஒரு தினுசாக இருந்தது. சாயங்கால வெயில் மஞ்சளாகும், இது மஞ்சளாகவில்லை. வெளிச்சத்தில் யாரோ ஈயத்தைக் கரைத்துவிட்ட மாதிரி எல்லாமே எவர்சில்வர் நிறத்தில் இருந்தது. தெருவில் ஆள் இல்லை. ஊரிலேயே ஒரே ஒரு சுத்தியல் சத்தம்தான் கேட்டது. அது அப்பாவுடையது.

உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

எங்கள் பட்டறைக்குத் தகரக்கூரை. பழைய தகரம். ஆணி பிடுங்கிய ஓட்டை, துரு தின்ற ஓட்டை என்று அதில் ஐம்பது, அறுபது பொத்தல் இருக்கும். மழைக்காலத்தில் அம்மா அதற்கு அப்பாவைத் திட்டாத நாள் இல்லை. வெயில் நேரத்தில் தரையில் வட்ட வட்டமாக வெளிச்சக் காசுகள் விழுந்து கிடக்கும். சின்ன வயதில் அதைப் பிடித்து விளையாடியிருக்கிறேன். அன்றைக்கு அந்தக் காசுகள் ஒன்றுகூட வட்டமாக இல்லை. எல்லாம் பிறை. தரையில், கரி மேட்டில், அடுக்கி வைத்த குடங்களின் வயிற்றில், அப்பாவின் வெறும் முதுகில், ஒரே பக்கம் பார்த்த பிறைகள். உலைப்புகையில் ஒவ்வொரு கதிரும் கயிறு கட்டித் தொங்கவிட்ட மாதிரி தெரிந்தது.

விஷயம் என்னவோ எட்டாம் வகுப்புப் பாடம்தான். சின்னத் துளை வழியாக வருகிற வெளிச்சம் தன் மூலத்தின் படத்தை வரையும். ஊசித்துளைக் கேமரா. கூரை ஓட்டை சதுரமோ கோணலோ, தரையில் விழுவது வட்டம்தான், ஏனென்றால் சூரியன் வட்டம். ஆக நான் சின்ன வயதில் பிடித்து விளையாடிய ஒவ்வொரு காசும் சூரியனின் படம். வருஷம் முழுக்க, தினமும், எங்கள் பட்டறைத் தரையில் ஐம்பது அறுபது சூரியன்கள் நகர்ந்துகொண்டு இருந்திருக்கின்றன. சூரியனைக் கடித்துக் காட்டிய பிறகுதான் எனக்கு அது தெரிந்தது.

அப்பா குனிந்து தட்டிக்கொண்டிருந்தார். கையைத் தொட்டுத் தரையைக் காட்டினேன். பார்த்தார். சுத்தியலைக் கீழே வைத்தார். ஊரில் கடைசிச் சத்தமும் நின்றது.

ஒன்பதரையை நெருங்கும்போது பிறையின் இரண்டு கொம்புகளும் நீண்டு, வளைந்து, ஒன்றையொன்று தொட்டன. வளையம். ஒன்று அல்ல, தரை முழுக்க வளையம். அப்பா இரண்டு கையையும் விரித்து நீட்டினார். உள்ளங்கைக்கு ஒன்றாக இரண்டு வளையங்கள் வந்து உட்கார்ந்தன. சோ மொரீரியில் கேட்ட அதே மௌனம். என் கழுத்தில் மயிர் சிலிர்த்தது. இந்தத் தடவை ஓடத் தோன்றவில்லை.

"இத்தன வளையத்த எவன் அடிச்சான்?" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"தகரத்துக்கு அடியிலயே வந்துருச்சு பாரு அம்மிணி."

மூன்று நிமிடம்போல இருந்தது வளையம். அதில் ஒரு நிமிடத்தை நான் பார்க்கவில்லை. கண் மறைத்துக்கொண்டது. ஒன்றரை வருடம் அவர் அந்தச் சொல்லை மனதில் வைத்திருக்கிறார். சொல்லிக் காட்டியதாகவும் தெரியவில்லை. சந்தோஷமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. கொண்டுபோன கண்ணாடி இரண்டும் பையிலேயே கிடந்தன. நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கு வானத்தைப் பார்க்கவே இல்லை. அடுத்த வளையம் 2031 மே 21-ஆம் தேதி, தேனி, மதுரைப் பக்கம். அப்பாவுக்கு அப்போது எழுபத்தேழு.

இயற்கையைப் பற்றி எழுதும்போது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூச்சம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையின் முதல் மருட்கை நொய்யல். திருப்பூருக்குள் பஸ்ஸில் பாலத்தைக் கடக்கும்போது ஆறு ஒரு நாள் சிவப்பாக ஓடும், ஒரு நாள் ஊதா. நானும் அண்ணனும் இன்றைக்கு என்ன கலர் என்று பந்தயம் கட்டுவோம். ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. அழகாக இருந்தது என்றால் இப்போது அடிக்க வருவார்கள், ஆனால் ஏழு வயதுக்கு அது அழகாகத்தான் இருந்தது. வெள்ளியங்கிரி மலையடிவாரத்தில் தெளிந்து புறப்படும் ஆறு இங்கே வந்து சாயத்தண்ணீராகிக் காவிரியை நோக்கிப் போனது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் தண்ணீரைத் தேக்க வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரைச் சொட்டு விடாமல் சுத்திகரித்துக் காட்டிய பிறகுதான் ஒவ்வொன்றாகத் திறந்தன. அதே சாயத்தை நம்பித்தான் நான் லடாக் டிக்கெட் எடுத்தேன். ஆக்கம் என்ற சொல்லைப் படித்தபோது குடம் ஞாபகம் வந்தது என்றேன். நொய்யலும் வந்தது. அதை மேலே எழுதவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு பட்டறை நடக்கவில்லை. அப்பாவின் தோள்பட்டையும் போய்விட்டது. இடத்தை ஒருவர் குடோனுக்கு வாங்கிக்கொண்டார். தகரத்தைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். அன்றைக்கு நான் ஆபீஸில் இருந்தேன். ஒரு தகடாவது எடுத்து வைத்திருக்கலாம். தோன்றவில்லை.

2024 ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்கு முந்தின நாள், திருப்பூர் நஞ்சராயன் குளத்தை ராம்சார் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. ஊத்துக்குளி ரோட்டுப் பக்கம் இருக்கிற குளம். 2022-இலேயே அதைத் தமிழ்நாட்டின் 17-ஆவது பறவைகள் சரணாலயமாக அறிவித்திருந்தார்கள். இங்கே பிறந்து வளர்ந்த நான் ஒரு தடவையும் போனது கிடையாது. செய்தியின் கீழே அங்கே வரும் பறவைகளைப் பற்றித் தேடிக்கொண்டு போனால் ஒரு படம். சாம்பல் உடம்பு, வெள்ளைத் தலை, இரண்டு கறுப்புப் பட்டை.

பட்டைத்தலை வாத்து. இந்தியாவில் அது முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது லடாக் ஏரிகளில்தான். மற்றபடி திபெத்திலும் மங்கோலியாவிலும். குளிர்காலத்தில் இமயமலையைத் தாண்டிக் கீழே வருகிறது. உடம்பில் கருவி பொருத்தி ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 7,290 மீட்டர் உயரம் வரை பறந்தது பதிவாகியிருக்கிறது. அங்கே காற்று பாதிகூட இல்லை. அதன் ரத்தம் நம்முடையதைவிட ஆக்சிஜனை இறுக்கிப் பிடிக்கும். வானத்தில் நேர்கோடு போட்டுப் போகாமல் மலை ஏறும் இடத்தில் ஏறி, இறங்கும் இடத்தில் இறங்கி, மலையைத் தடவிக்கொண்டே போகிறது. பகலில் அடிவாரத்தில் இருந்து மேலே வீசும் காற்றில் ஏறிக்கொள்ளலாமே என்று நாம் நினைப்போம். அது ராத்திரியிலும் விடியற்காலையிலும்தான் அதிகம் பறக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, சிறகுக்குப் பிடிமானம் கிடைக்கும். இத்தனையும் செய்கிற உடம்பின் எடை இரண்டு, இரண்டரைக் கிலோ. அப்பா அடிக்கிற ஒரு குடத்தின் எடை.

சிறுமை என்று தொல்காப்பியர் எதைச் சொன்னார் என்று அந்த ராத்திரி எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

நான் எங்கே போய் மூச்சு வாங்கிப் பார்த்தேனோ அந்தக் கரையில் மேய்ந்தது, அல்லது அதன் சொந்தக்காரன், வருஷா வருஷம் என் வீட்டில் இருந்து ஸ்கூட்டரில் போகிற தூரத்துக்கு வந்து போயிருக்கிறது. அதுவும் எந்த வழியில்? எங்கள் ஊர்ப்பக்கம் ஓடும் நல்லாறு, மழைத் தண்ணீரோடு ஊர்ச் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு போய்க் கலக்கும் குளத்துக்கு. இமயத்தைத் தாண்டி வந்து நம் வீட்டுச் சாக்கடையின் கடைக்கோடியில் இறங்குகிறதே என்று பாவமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

"நஞ்சராயன் கொளமா? மார்கழில வாத்து வருமே" என்றார் அப்பா, ரொம்பச் சாதாரணமாக. சின்ன வயதில் சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறாராம். எந்த வாத்து என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. ஏன் என்னிடம் சொல்லவே இல்லை என்று கேட்டேன். "நீ எங்க சாமி கேட்ட?"

2025 ஜனவரி, பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலை. அப்பாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனேன். பனி இறங்கியிருந்தது. காது மெஷினை வைத்துக்கொள்ளச் சொன்னேன். சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். வெற்றிலைப் பெட்டியோடு எடுத்து வந்திருந்தார்.

கரையில் கேமராக்காரர்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். முதலில் நாரைகளும் நாமக்கோழிகளும்தான். வெளிச்சம் வர வர, தூரத்து மேட்டில் கற்கள் மாதிரி இருந்தவற்றுக்குக் கழுத்து முளைத்தது. பைனாகுலரை இரவல் வாங்கினேன். இரண்டு பட்டை. நான் பதினேழு எண்ணினேன். அப்பா பைனாகுலரை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துவிட்டுப் பத்தொன்பது என்றார். எண்ணிப் பழகிய ஆள், அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

"இதையா நீ அங்க பாத்த?"

"ஆமாங்கப்பா. அன்னைக்கு வீடியோல ஓரமா இருந்துதுங்க. நீங்க தண்ணியப் பாத்தீங்க."

"மீனு இருக்குதான்னு கேட்டன்" என்றார். அவருக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது.

அந்தச் சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழி நெடுக ஒத்திகை பார்த்திருந்தேன். சத்தமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கேட்காது. பக்கத்தில் ஆட்கள் நிற்கிறார்கள். நான் வாயைத் திறந்த நேரம் மேட்டில் இருந்து ஒன்று கிளம்பியது, பிறகு எல்லாமே கிளம்பின. தாழப் பறந்து, குளத்தைச் சுற்றி, எங்கள் தலைக்கு மேலாக வந்தன. ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே வந்தன. அடித்தொண்டையில் இருந்து வருகிற கரகரத்த குரல். அப்பா அண்ணாந்து பார்த்தார். துண்டு தோளில் இருந்து நழுவி விழுந்ததைக் கவனிக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது.

"சத்தம் போடுதா?" என்று கேட்டார்.

நான் தலையாட்டினேன்.

"எப்புடி?"

அவருக்குப் பக்கத்தில் போய், வலது காதோடு வாயை வைத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன். "ஈயம் போன பழைய தவலையக் கவுத்துப் போட்டுக் கட்டையில தட்டுவீங்கல்லங்கப்பா, அப்புடி!"

கேமராக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சரி என்பது மாதிரி தலையை ஆட்டிவிட்டு, சட்டைப் பையில் இருந்து வெற்றிலைப் பெட்டியை எடுத்துத் திறந்தார்.